வினைக்குப் பின்னால் வரும் சொற்கள்: ஆங்கில வாக்கியத்தில் வினையடையும் முன்னிடைத்தொடரும்

ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். அந்த வினை எப்படி நடந்தது, எங்கே நடந்தது, எப்போது, யாரோடு, எதைக் கொண்டு, எதற்காக என்ற விவரமெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகே வரும். தமிழில் விவரம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் வினைமுற்று வரும். 'அவர் நேற்று பஸ்ஸில் மதுரைக்குப் போனார்' என்பது தமிழ். 'ஹி வென்ட் டு மதுரை பை பஸ் யெஸ்டர்டே' என்பது ஆங்கிலம். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் எழுவாய் மட்டும் இரண்டிலும் முதலில் நிற்கிறது. மீதி அப்படியே தலைகீழாக இருக்கிறது. தமிழில் நேற்று, பஸ்ஸில், மதுரைக்கு, போனார். ஆங்கிலத்தில் போனார், மதுரைக்கு, பஸ்ஸில், நேற்று.

சொல்லுக்குள்ளும் இதே தலைகீழ்தான். 'மதுரைக்கு' என்பதில் 'கு' உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. 'டு மதுரை' என்பதில் அதே வேலையைச் செய்யும் 'டு' பெயருக்கு முன்னால் நிற்கிறது. பெயருக்கு முன்னால் இடம்பிடிப்பதால் அதற்கு முன்னிடைச்சொல் என்று பெயர். அதுவும் அதைத் தொடரும் பெயரும் சேர்ந்தது முன்னிடைத்தொடர். 'ஸ்லோலி', 'வெல்', 'ஹியர்', 'யெஸ்டர்டே' போலத் தனிச்சொல்லாக நின்று வினையை விளக்குவது வினையடை. இந்த இரண்டு வகையும் வினைக்குப் பின்னால் எந்த ஒழுங்கில் நிற்கின்றன, எந்த இடத்தில் ஒழுங்கு மாறுகிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல. அமெரிக்க மொழியியலாளர் ஜோசஃப் கிரீன்பெர்க் 1963-இல் வெளியான கட்டுரையில் 30 மொழிகளை ஒப்பிட்டார். திராவிட மொழிகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது கன்னடம். வினை கடைசியில் வரும் மொழிகள் ஏறக்குறைய எல்லாமே பின்னொட்டு உருபுகளை வைத்திருக்கின்றன, வினைக்குப் பின் செயப்படுபொருள் வரும் மொழிகள் பெரும்பாலும் முன்னிடைச்சொற்களை வைத்திருக்கின்றன என்று அவர் காட்டினார். ஜப்பானியமும் துருக்கியும் தமிழின் பக்கம். ஆங்கிலம், பிரெஞ்சு, தாய் ஆகியவை எதிர்ப்பக்கம்.

வரிசை தலைகீழாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு மொழிகளிலும் வினைக்குப் பொருளில் மிக நெருங்கியது வினைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நெருக்கம் குறையக் குறையத் தள்ளித் தள்ளி நிற்கிறது. 'போ' என்ற வினைக்குச் சேருமிடம் மிக நெருக்கம், ஏறிச் சென்ற வண்டி அதற்கு அடுத்தது, நாள் எல்லாவற்றையும்விடத் தொலைவு. தமிழில் இந்தத் தொலைவு வினையிலிருந்து இடப்புறமாக நீள்கிறது, ஆங்கிலத்தில் வலப்புறமாக நீள்கிறது. நெருக்கத்தின் படிவரிசை இரண்டிலும் ஒன்றே. ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவருக்கு இந்தப் படிவரிசையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை, தாய்மொழியிலேயே அது அவருக்குப் பழக்கம். வினை நிற்கும் பக்கம் மாறியிருக்கிறது என்பதை மட்டும் அவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இது வெறும் இட ஒழுங்கு அல்ல, பொருளும் இதோடு மாறும் என்பதற்கு ஒரு சான்று போதும். 'வேண்டுமென்றே இரண்டு முறை தட்டினார்' என்றால் இரண்டு முறை தட்டுவது என்பதே அவருடைய நோக்கம். 'இரண்டு முறை வேண்டுமென்றே தட்டினார்' என்றால் வேண்டுமென்று தட்டியது இரண்டு தடவை நடந்தது, மற்ற நேரங்களில் கை தவறிப் பட்டிருக்கலாம். வினையிலிருந்து தள்ளி நிற்கும் அடை, பக்கத்தில் நிற்கும் அடையையும் சேர்த்துத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: 'ஹி நாக்ட் ட்வைஸ் இன்டென்ஷனலி' முதல் பொருளைத் தரும், 'ஹி நாக்ட் இன்டென்ஷனலி ட்வைஸ்' இரண்டாவது பொருளைத் தரும். தமிழில் இடக்கோடியில் நின்றது ஆங்கிலத்தில் வலக்கோடிக்குப் போயிருக்கிறது, ஆளுகை மாறவில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறைகளாகப் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் இதை வேறு விதமாகச் சொல்கிறது. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் பின்னால் பல அடைகள் வந்தால் முதலில் 'எப்படி', அடுத்து 'எங்கே', கடைசியில் 'எப்போது' என்பது அதன் விதி. 'ஷி சேங் பியூட்டிஃபுல்லி இன் தி ஹால் லாஸ்ட் நைட்' என்பது இந்த விதிக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் மேலே கண்ட மதுரை வாக்கியத்தில் 'எங்கே' முதலிலும் 'எப்படி' அடுத்தும் வந்துவிட்டன. போ, வா, திரும்பு போன்ற இயக்க வினைகளில் இடம் முன்னே வரும் என்று ஒரு விலக்கு சொல்லி இலக்கண நூல்கள் சமாளிப்பது வழக்கம். நெருக்கத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்த விலக்கே தேவைப்படாது. பாடுவதற்குப் பாடும் விதம் நெருக்கம், மண்டபம் சற்றுத் தொலைவு. போவதற்குச் சேருமிடம்தான் நெருக்கம். 'எப்படி, எங்கே, எப்போது' என்பது நல்ல ஞாபகக் குறிப்பு. அதைச் சட்டமாகக் கொண்டால் மாணவர் தடுமாறுவார்.

மொழியியலாளர் ஜான் ஹாக்கின்ஸ் 2000-இல் எழுதிய ஓர் ஆய்வு இந்த ஞாபகக் குறிப்பையே சோதித்தது. வினைக்குப் பின்னால் இரண்டு முன்னிடைத்தொடர்கள் அடுத்தடுத்து வரும் வாக்கியங்களை உண்மையான எழுத்திலிருந்து திரட்டி அவர் பார்த்தார். 'எப்படி, எங்கே, எப்போது' என்ற வரிசை அவற்றை விளக்கப் போதவில்லை. இரண்டு காரணங்களே முந்தி நின்றன. ஒன்று, எந்தத் தொடர் வினையின் பொருளோடு பிணைந்திருக்கிறது என்பது. மற்றது, எந்தத் தொடர் நீளத்தில் குறைந்தது என்பது. பிணைந்தது முன்னே வரும், குட்டையானது முன்னே வரும். 'ஷி வாக்ட் ஸ்லோலி டு தி டோர்' என்ற வாக்கியத்தில் சேருமிடத்தையும் முந்திக்கொண்டு 'ஸ்லோலி' நிற்பதற்கு அது ஒற்றைச் சொல்லாக இருப்பதே காரணம்.

பிணைப்பு என்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் டெனியேர் வினையை ஒரு சிறு நாடகமாகப் பார்த்தார். அவர் மறைந்த பிறகு 1959-இல் வந்த நூலில், அந்த நாடகத்தின் பாத்திரங்களையும் அது நடக்கும் சூழலையும் பிரித்துக் காட்டினார். பாத்திரம் இல்லாமல் நாடகம் நடக்காது, சூழலைச் சொல்லாமல் விட்டால் குற்றமில்லை. அவர் கணக்கில் முன்னிடைத்தொடர்கள் பல சூழலின் பக்கம் போய்விடும். பின்வந்தவர்கள் இந்தப் பிரிவை விரித்து, சில வினைகளுக்கு முன்னிடைத்தொடரே தவிர்க்க முடியாத பாத்திரம் என்று கண்டார்கள். 'புட்' என்ற வினை இதற்கு நல்ல சாட்சி. 'ஹி புட் தி புக் ஆன் தி டேபிள்' முழு வாக்கியம். 'ஹி புட் தி புக்' என்று நிறுத்தினால் கேட்பவர் மீதிக்காகக் காத்திருப்பார். தமிழில் 'புத்தகத்தை வைத்தார்' என்று இடம் சொல்லாமல் முடித்தாலும் பேச்சு நடந்துவிடும். 'புட்' என்ற வினை அந்தச் சலுகையைத் தராது. அதே வாக்கியத்தில் 'லாஸ்ட் நைட்' என்பதைச் சேர்க்கலாம், விடலாம், வாக்கியத்தின் தலைக்கும் கொண்டுபோகலாம். பிணைந்த தொடருக்கு அவ்வளவு சுதந்திரம் கிடையாது.

எல்லாவற்றிலும் நெருக்கமான உறவு செயப்படுபொருளோடு. ஆங்கிலத்தில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடை நுழைவது பிழை. 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' சரி, 'ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' தவறு. 'ஐ லைக் காபி வெரி மச்' சரி, 'ஐ லைக் வெரி மச் காபி' தவறு. தமிழர் ஆங்கிலத்தில் இந்தப் பிழை எளிதாக வந்து விழுவதற்குக் காரணம் உண்டு. 'காபியை ரொம்ப விரும்புவார்', 'ஆங்கிலத்தை நன்றாகப் பேசுவார்' என்றுதான் தமிழ் சொல்கிறது. அடை வினையோடு ஒட்டிக்கொண்டு, செயப்படுபொருள் அதற்கும் வெளியே நிற்கிறது. மேலே சொன்ன படிவரிசை இந்த ஓரிடத்தில் இரு மொழிக்கும் வேறுபடுகிறது.

வேறுபாட்டின் வேர் 'ஐ' உருபில் இருக்கிறது. 'தண்ணீரை வேகமாகக் குடித்தான்' என்று உருபு ஒட்டிய சொல் விலகி நிற்க முடிகிறது. உருபை எடுத்துவிட்டால் 'வேகமாகத் தண்ணீர் குடித்தான்' என்று தண்ணீர் வினையின் பக்கத்துக்கு வந்துவிடும். உருபு இருந்தால் அதுவே அடையாளச் சீட்டு, சொல் எங்கே நின்றாலும் அதன் வேலை தெரியும். உருபு இல்லாத சொல்லுக்கு இடம்தான் அடையாளம். இன்றைய ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்குச் செயப்படுபொருளைக் காட்டும் உருபு கிடையாது. எனவே செயப்படுபொருளுக்கு வினையை அடுத்த இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆல்ஃப்ரட் அரசர் காலத்துப் பழைய ஆங்கிலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், பெயர்ச்சொல்லுக்கு நான்கு வேற்றுமைகள் தெளிவாக இருந்தன. சார்பு வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போவதும் அப்போது சகஜம். 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் சொல்லின் ஈற்று உயிர்கள் மங்கி ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கியதும் வேற்றுமை ஈறுகள் தேய்ந்தன. கவிஞர் சாசர் எழுதிய 14-ஆம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லின் வேற்றுமை ஏறக்குறைய இன்றைய நிலைக்கு வந்துவிட்டது. ஈறுகள் செய்துவந்த வேலையை இரண்டு வகையில் ஈடுகட்டினார்கள்: எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் நிலையான இடம், மற்ற உறவுகளுக்கு 'டு', 'வித்', 'பை', 'ஃப்ரம்' போன்ற முன்னிடைச்சொற்கள். இந்தச் சொற்கள் பழைய ஆங்கிலத்திலும் இருந்தவையே, சுமை மட்டும் கூடியது. 'ஹி', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர்களில் வேற்றுமை இன்னும் உயிரோடிருக்கிறது, ஆனால் அவையும் அதே ஒதுக்கப்பட்ட இருக்கையில்தான் உட்கார வேண்டும்.

வினைக்கு முன்னால் வரும் அடைகளும் ஆங்கிலத்தில் உண்டு. 'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'நெவர்', 'யூஷுவலி' போன்று எத்தனை தடவை என்று சொல்பவை முதன்மை வினைக்கு முன் நிற்கும்: 'ஷி ஆஃபன் கோஸ் தேர்'. துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்கு அடுத்து வரும்: 'ஷி ஹாஸ் ஆஃபன் கான் தேர்'. 'இஸ்', 'வாஸ்' போன்றவை தனியாக வந்தாலும் அவற்றுக்குப் பின்னால்தான்: 'ஷி இஸ் ஆஃபன் லேட்'. பிரெஞ்சில் இந்த இடம் வேறு. அங்கே 'அடிக்கடி' என்னும் சொல் முதன்மை வினையைத் தாண்டி, வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே நிற்கும். மொழியியலாளர்கள் ஜோசஃப் எமண்ட்ஸ் 1978-இலும் ஷான்-இவ் பொலாக் 1989-இலும் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் வினை வாக்கிய அமைப்பில் மேலேறி அடையைத் தாண்டிச் செல்கிறது, ஆங்கிலத்தில் கீழேயே தங்கிவிடுகிறது என்று விளக்கினார்கள். ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலத்தில் 'ஐ நோ நாட்' என்று எதிர்மறைச் சொல் முதன்மை வினைக்குப் பின் வந்ததும் வினை ஒரு காலத்தில் மேலேறியதற்கு அடையாளம்.

இனி, எந்த வினைக்கு எந்த முன்னிடைச்சொல் என்ற கேள்வி. தமிழ் மாணவருக்கு மிகுந்த தொல்லை தருவது இதுவே. 'டிபெண்ட்' என்றால் 'ஆன்', 'லிஸன்' என்றால் 'டு', 'வெயிட்' என்றால் 'ஃபார்'. வினையின் பொருளிலிருந்து இவற்றை ஊகிக்க முடியாது. 'லிஸன்' என்ற வினைக்கு 'டு' வேண்டும், அதே காதால் நடக்கும் 'ஹியர்' என்ற வினைக்கு வேண்டாம். முன்னிடைச்சொல்லே தேவைப்படாத வினைகளில் தமிழின் உருபு உள்ளே நுழைந்துவிடுவதும் உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தார்கள்' என்பதிலுள்ள 'பற்றி' ஆங்கிலத்துக்குள் போய் 'டிஸ்கஸ்ட் அபவுட் இட்' ஆகிறது. 'அறைக்குள் நுழைந்தார்' என்பது 'என்டர்ட் இன்டு தி ரூம்' ஆகிறது. 'ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்' என்பது 'ரீச்ட் டு' ஆகிறது. 'டிஸ்கஸ்', 'என்டர்', 'ரீச்' மூன்றும் செயப்படுபொருளை நேராக ஏற்பவை.

எதிர்த்திசையிலும் பிழை நேர்கிறது. 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்று சொல்லிவிடுகிறார்கள். 'கிவ் மீ', 'டெல் மீ', 'ஷோ மீ' எல்லாம் சரியாக இருப்பதால் இதுவும் சரியென்று தோன்றுகிறது. ஆனால் 'எக்ஸ்பிளெய்ன்', 'சஜஸ்ட்', 'டொனேட்' போன்ற லத்தீன் வழி வந்த வினைகள் பெரும்பாலும் கொள்பவரை 'டு' இல்லாமல் ஏற்பதில்லை: 'எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ'. இதையே முழு விதியாகக் கொள்ள முடியாது, 'ஆஃபர்' லத்தீன் வழி வந்தாலும் 'ஆஃபர்ட் மீ' என்று சொல்லலாம். ஆனாலும் வரலாறு வினையின் நடையில் தடம் பதித்திருப்பதை இது காட்டுகிறது.

வினைக்குப் பின்னால் வரும் சிறு சொற்கள் எல்லாம் முன்னிடைச்சொற்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 'ஷி ரேன் அப் தி ஹில்' என்றால் அவள் குன்றின்மேல் ஓடி ஏறினாள். 'ஷி ரேன் அப் எ பில்' என்றால் கடையில் பாக்கி ஏறவிட்டாள். பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. முதல் வாக்கியத்தில் 'அப் தி ஹில்' ஒரே தொடர், அதை மொத்தமாக வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோனாலும் நிற்கும். இரண்டாவதில் 'அப்' வினையின் உறுப்பு. அது பில்லைத் தாண்டி 'ரேன் எ பில் அப்' என்று பின்னாலும் போகும். முதலாவதை 'ரேன் தி ஹில் அப்' என்று மாற்ற முடியாது. இப்படி வினையும் சிறு சொல்லும் சேர்ந்து ஒரு பொருள் தரும் கூட்டுக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரேஸல் வெர்ப்' என்று பெயர். லோகன் பியர்சல் ஸ்மித் 1925-இல் எழுதிய நூலில் இந்தப் பெயரை வழங்கினார், அதைத் தமக்குச் சொன்னவர் அகராதியாளர் ஹென்றி பிராட்லி என்றும் குறித்திருக்கிறார்.

பிரதிப்பெயர் வந்தால் சோதனை இன்னும் கறாராகிவிடும். 'புட் ஆன் தி கோட்' என்றும் சொல்லலாம், 'புட் தி கோட் ஆன்' என்றும் சொல்லலாம். கோட்டுக்குப் பதில் 'இட்' வந்தால் 'புட் இட் ஆன்' மட்டுமே சரி. 'லுக் ஆஃப்டர் தி சைல்ட்' என்பதில் 'ஆஃப்டர்' உண்மையான முன்னிடைச்சொல், எனவே 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதைத் தவிர வேறு வழியில்லை. காதும் இங்கே உதவும். 'புட் ஆன்' என்பதில் 'ஆன்' அழுத்தம் பெறும். 'லுக் அட்' என்பதில் 'அட்' அழுத்தமின்றி அமுங்கிப்போகும். ஹட்லஸ்டனும் புல்லமும் 2002-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் பேரிலக்கணம் இந்தச் சிறு சொற்களையும் முன்னிடைச்சொற்களாகவே கொள்கிறது. செயப்படுபொருள் குன்றிய வினை இருப்பதுபோலப் பெயரைத் தொடராத முன்னிடைச்சொல்லும் இருக்கலாம் என்பது அதன் வாதம். வகைப்பாட்டுக்கு அது நல்ல தீர்வு, மாணவருக்கு மட்டும் 'இட்' வைத்துப் பார்க்கும் சோதனையே கைகொடுக்கும். 'புட் அப் வித்', 'லுக் ஃபார்வர்ட் டு' போன்ற மூன்று சொல் கூட்டுகளில் முதற்சிறுசொல் வினையின் உறுப்பு, அடுத்தது முன்னிடைச்சொல்.

முன்னிடைச்சொல் தன் பெயரைப் பிரிந்து வினையின் பின்னால் தனியாக நிற்கும் நிலை ஒன்று உண்டு. 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்ற கேள்வியில் 'அட்' என்பதற்குரிய சொல் வாக்கியத்தின் தலைக்குப் போய்விட்டது. இப்படி முடிப்பதைக் கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் குறை சொன்னார். 1762-இல் இலக்கண ஆசிரியர் ராபர்ட் லோத், பழகு பேச்சுக்கு இது பொருந்தும், உயர்ந்த நடைக்கு அழகில்லை என்று மட்டும் சொன்னார். பின்வந்த பாடநூல்கள் அதைத் தடைச்சட்டமாகவே ஆக்கிவிட்டன. இன்றைய இலக்கணப் பேரறிஞர் எவரும் இதைப் பிழை என்று கொள்வதில்லை.

தமிழருக்கு இங்கே நேரும் சிக்கல் வேறு, அதைப் பாடநூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. 'அவர் வசிக்கும் வீடு' என்று தமிழ் பெயரெச்சம் போட்டுச் சொல்லும்போது 'வீட்டில் வசிக்கிறார்' என்பதிலிருந்த 'இல்' உருபு முழுதாக மறைந்துவிடுகிறது. 'எழுதும் பேனா' என்பதில் 'பேனாவால்' என்பதன் 'ஆல்' இல்லை. 'தூங்கும் கட்டில்' என்பதில் கட்டில் தூங்குவதில்லை, கட்டிலில் ஒருவர் தூங்குகிறார் என்பதைத் தமிழர் கேட்ட மாத்திரத்தில் உணர்கிறார். ஆங்கிலம் அந்த உறவைச் சொல்லாமல் விடாது. 'தி ஹவுஸ் ஹி லிவ்ஸ் இன்', 'தி பென் ஷி ரைட்ஸ் வித்', 'தி பெட் ஹி ஸ்லீப்ஸ் ஆன்' என்று வினைக்குப் பின்னால் அந்தச் சிறு சொல் நின்றே ஆக வேண்டும். தமிழ் மாணவர் 'தி ஹவுஸ் ஹி லிவ்ஸ்' என்று எழுதுவது கவனக்குறைவால் அல்ல. அவர் மொழியில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. உருபைத் தன் வாயால் சேர்த்து 'வீட்டில் வசிக்கிறார்' என்று ஒருமுறை முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தால், 'இல்' எங்கே இருக்கிறதோ அங்கே ஆங்கிலத்தில் 'இன்' தேவை என்பது தானே விளங்கிவிடும்.

நீளம் பற்றி மேலே ஒரு வார்த்தை சொல்லப்பட்டது. ஜெர்மன் அறிஞர் ஓட்டோ பெஹாகல் 1909-இலேயே, இரண்டு உறுப்புகளில் குட்டையானது முன்னும் நீண்டது பின்னும் வரும் என்று ஒரு விதி வகுத்தார். செயப்படுபொருளுக்கு ஒதுக்கிய இருக்கையைக்கூட இந்த விதி அசைத்துவிடுகிறது. 'ஷி எக்ஸ்பிளெய்ன்ட் கேர்ஃபுல்லி இட்' என்று யாரும் எழுத மாட்டார்கள். 'ஷி எக்ஸ்பிளெய்ன்ட் கேர்ஃபுல்லி தி ரீசன்ஸ் ஃபார் ஹர் சடன் டிசிஷன் டு லீவ்' என்று நல்ல எழுத்தாளர்களே எழுதுவார்கள். கனத்த சுமை கடைசிக்குப் போய்விட்டது. தமிழிலும் ஜப்பானியத்திலும் இதற்கு நேர்மாறாக நீண்ட தொடர் வாக்கியத்தின் முன்பக்கம் நகர்கிறது. 'சட்டென்று ஊரை விட்டுப் போகத் தீர்மானித்த காரணத்தை அவள் பொறுமையாக விளக்கினாள்' என்று எழுவாயையும் தாண்டி நீளமான பகுதி முன்னே வருவது தமிழ்க் காதுக்கு இயல்பாக இருக்கிறது.

தொடர்கள் எல்லாம் வினைக்குப் பின்னால் குவிவதால் ஆங்கிலத்துக்கு ஓர் இடர்ப்பாடு வருகிறது. 'ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்' என்றால் தொலைநோக்கி யார் கையில்? கடைசித் தொடர் வினையை விளக்கலாம், அதற்கு முன் நிற்கும் ஆளையும் விளக்கலாம். தமிழில் 'தொலைநோக்கியால் பார்த்தேன்' என்றால் வேற்றுமை உருபு அதை வினையோடு கட்டிவிடுகிறது. 'தொலைநோக்கி வைத்திருந்த ஆளைப் பார்த்தேன்' என்றால் பெயரெச்சம் அதை ஆளோடு கட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது சரிபார்க்க வேண்டிய முதல் இடம் இது: கடைசியில் வரும் முன்னிடைத்தொடர் எதைச் சார்ந்தது என்று படிப்பவர் ஐயப்படுவாரானால், அதை வினைக்கு அருகே இழுக்க வேண்டும் அல்லது வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காலமும் இடமும் பலவாக அடுக்கி வந்தால் ஆங்கிலம் சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும். இந்தியா விடுதலை பெற்றது 'அட் மிட்நைட் ஆன் 15 ஆகஸ்ட் 1947'. தமிழில் '1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவில்'. வரிசை மீண்டும் தலைகீழ். இந்தக் காலத்தொடர்கள் வினையோடு பிணைப்புக் குறைந்தவை என்பதால் முழுதாக வாக்கியத்தின் முன்னே வரவும் தடையில்லை. 'யெஸ்டர்டே ஹி வென்ட் டு மதுரை' பழுதற்ற ஆங்கிலம். நாளை முன்னே வைத்துத் தொடங்கும் பழக்கமுள்ள தமிழர் இந்த வடிவத்தைத் தயங்காமல் எழுதலாம். இடத்தொடர் தலைக்கு வரும்போது சில சமயம் வினையும் எழுவாயை முந்திவிடும்: 'ஆன் தி ஹில் ஸ்டுட் எ டெம்பிள்'. கதை சொல்லும் நடையில் இது அழகு, அன்றாட எழுத்தில் அபூர்வம்.

வினையைத் தனிச்சொல்லாகக் கற்பிக்கக் கூடாது, அதைத் தொடர்ந்து வரும் அமைப்போடு கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் ஜப்பானில் வளர்ந்தது என்பது தமிழ் ஆசிரியர்கள் மனத்தில் கொள்ளத்தக்கது. ஏ.எஸ். ஹார்ன்பி 1924-இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் சென்றார். தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் மொழியைப் பேசுகிற மாணவர்கள் அவருக்கு வாய்த்தார்கள். அவர்களுடைய தேவையைக் கண்டு, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்ன வரும், எந்த அமைப்பில் வரும் என்பதை எண்ணிட்டுக் காட்டிய அகராதி அது. ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் 1948-இல் அதை வெளியிட்டது. இன்று உலகமெங்கும் மாணவர் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்ததே.

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் 'டிபெண்ட்: சார்ந்திரு' என்று சொல்லும் பொருளுமாகக் கரும்பலகையில் எழுதிப்போடும் வழக்கம் இன்னும் போகவில்லை. 'டிபெண்ட் ஆன் சம்படி', 'எக்ஸ்பிளெய்ன் சம்திங் டு சம்படி', 'புட் சம்திங் சம்வேர்' என்று பின்வருவதையும் சேர்த்தே மாணவர் குறிப்பேட்டில் எழுதவைக்க வேண்டும். ஆசிரியர்கள் அடுத்த பாடத்தின் புதிய வினைகளிலிருந்தே இதைத் தொடங்கலாம்.